காப்புக் கட்டிய ஊரிலிருந்து கடலுக்கு

அந்த டவுன் பஸ்ஸை விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அது கிளம்பி வாசலில் திரும்பும்போதுதான் கலைமதி பார்த்தாள். முதுகில் பத்துக் கிலோ பை, கையில் ஹெல்மெட், இரண்டு முழங்காலிலும் காய்ந்த சிராய்ப்பு. விடுவாளா? ஓடிப்போய்த் தகரத்தில் படபடவென்று தட்டி, கண்டக்டரிடம் நாலு வசவு வாங்கிக்கொண்டு, படிக்கட்டில் தொற்றி ஏறினாள். ஏறியதும் பெருமையாகச் சிரிக்க வேறு செய்தாள். அடுத்த வண்டிக்கு ஒன்றே கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒன்றே கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதை அச்சில் ஏற்ற முடியாது.

கலைமதிக்கு இருபத்தெட்டு வயது. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ். விசில் ஊதுவது, சுதந்திர தினத்துக்கு அணிவகுப்புப் பழக்குவது, மற்ற நாளெல்லாம் தன் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்ப்பது, இவைதான் வேலை. ஜூனில் எடுப்பார்கள், ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள். மறுபடி கூப்பிடுவார்களா என்பது ஒவ்வொரு ஆண்டும் ஜூன் முதல் வாரம்தான் தெரியும்.

இதிலிருந்து தப்பிக்க அவளுக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. மே மாதம் முழுக்க நடக்கும் சாகச விளையாட்டுப் பயிற்சி அது. முதல் பதினாலு நாள் மலையில் கியர் சைக்கிள், இரண்டு நாள் ஓய்வு, பிறகு பதினாலு நாள் கடலில் கயாக், அதாவது ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற குறுகலான படகு. இரண்டையும் முடித்தால் பயிற்சியாளர் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு வந்தால் நிரந்தர வேலை தருவதாக ஏலகிரிப் பக்கத்து முகாம் ஒன்றில் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு அவள் கிளம்புவது இது மூன்றாவது கோடை. முதல் முறை மூன்றாம் நாளே பெரியம்மா செத்துப்போனாள். போன வருடம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பாதியில் இழுத்து வந்தார்கள். வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இருபத்தெட்டு வயது வரைக்கும்தான் சேர்ப்பார்கள், வருகிற ஆவணியில் அவளுக்கு இருபத்தொன்பது பிறக்கிறது. இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

வத்தல்மலையில் பதினாலு நாளும் அவள்தான் முன்னால் போனாள். பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் எட்டுப் பேர் பெங்களூர், சென்னைப் பையன்கள். சைக்கிளே லட்ச ரூபாய்க்கு வாங்கியவர்கள். காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில், சரளைக்கல் சரிகிற இறக்கத்தில், பிரேக்கை முழுக்கப் பிடிக்காமல் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்க வேண்டும். பையன்கள் பிடித்துவிட்டுக் குப்புற விழுந்தார்கள். கலைமதி சின்ன வயதிலிருந்து கேரியரில் தீவனப் புல் கட்டிக்கொண்டு வரப்பில் சைக்கிள் ஓட்டியவள். அவளும் இரண்டு முறை விழுந்தாள், ஆனால் விழுந்த இடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. பயிற்சியாளர் சவுரியப்பன் கடலோரத்துக்காரர். கயாக்தான் அவருடைய பாடம், மலையில் வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். கடைசி நாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

“வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கடல்ல இருக்கணும். ரெண்டு நாளுக்கு மேல வராம போனா சான்றிதழ் கிடையாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஆட்டுக்குட்டி காணாம போச்சுன்னு யாரும் எங்கிட்ட வந்து அழாதீங்க.”

அழுக்குத் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஊருக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஆறே முக்கால். தெருவுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம். கோயில் முன்னால் மேளக்காரர்கள் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. வாசலுக்கு வந்த அம்மா காவேரியின் முகத்தைப் பார்த்துத்தான் உறைத்தது.

“ஏன்டி இப்ப வந்த?” என்றாள் காவேரி.

பதினாலு நாள் கழித்து வந்த மகளுக்கு இதுதான் வரவேற்பு. அவள் பதில் சொல்வதற்குள் பறை முழங்கத் தொடங்கிவிட்டது. ஏழு மணிக்கு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று.

காப்புக் கட்டிவிட்டால் அடுத்த புதன்கிழமை அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊரில் இருக்கிறவர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கட்டுகிற நேரத்தில் ஊரில் இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர்கள் இஷ்டம்போல வரலாம், போகலாம். அதாவது, எட்டு மணி பஸ்ஸில் வந்திருந்தால் கலைமதி சுதந்திரப் பறவை. ஆறே முக்கால் பஸ்ஸில் வந்ததால் எட்டு நாள் சிறை.

“திருவிழா அடுத்த மாசந்தான? வைகாசி கடைசியிலதான எப்பவும் வெப்பாங்க?”

“பள்ளிக்கூடம் தொறந்துட்டா புள்ளைங்களுக்குக் கஷ்டமாம். முன்னால தள்ளிட்டாங்க. போன வாரம் கூட்டத்துல முடிவு பண்ணாங்க.”

“அப்பா போயிருந்தாரா கூட்டத்துக்கு?”

காவேரி முகவாயால் வீட்டைக் காட்டினாள். உள்ளே, கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பிய குப்புராஜ் தட்டின் முன்னால் உட்கார்ந்து களியைப் பிட்டுக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய புதுக் காப்புக் கயிறு. அவர் ஒவ்வொரு வருடமும் தீ மிதிப்பவர். மிதிக்கிறவர்கள் தங்கள் கையிலும் காப்புக் கட்டிக்கொள்வார்கள், அந்த வீட்டுக்குக் கட்டுப்பாடு ஒரு படி கூடுதல். கவிச்சி கிடையாது, பாய் கிடையாது, வெறும் தரையில்தான் படுக்கை.

“நீ இருந்தியாப்பா கூட்டத்துல?”

“ம்.”

“நான் ரெண்டு நாளு லீவுல வருவேன், திரும்பிப் போவணும்னு தெரியுமில்ல? ஒரு போன் பண்ணக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

“தேதி சரியான்னு கேட்டாங்க. எல்லாரும் கை தூக்குனாங்க. நானும் தூக்குனன்,” என்றார் குப்புராஜ். மேற்கொண்டு சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் ராகியும் கொள்ளும் போடுகிற மனிதர், பேச்சையும் அதே மாதிரி வானம் பார்த்துத்தான் பயிர் செய்தார். அன்றோடு கலைமதி அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலையிலேயே ஊர்க்கவுண்டர் ராஜாமணியின் வீட்டுக்குப் போனாள். அவளுக்குப் பெரியப்பா முறை. நல்ல மனிதர், அதனால்தான் அவரிடம் சண்டை போடுவது கஷ்டம்.

“பெரியப்பா, எனக்குப் பரீட்சைங்க. நாளைக்கிக் காலையில அங்க இருக்கணும்.”

“பரீட்சைன்னா தாராளமாப் போம்மா. என்னா பரீட்சை?”

“படகு ஓட்டறதுங்க.”

ராஜாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “நம்மூரு ஏரியில தண்ணி இருந்து பத்து வருசமாச்சு. நீ படகு ஓட்டி என்னாம்மா பண்ணப் போற?”

“அப்ப அன்பு மட்டும் போலாமா? தெனம் ஓசூருக்கு நைட் ஷிப்ட் போறான். ராத்திரி பூராவும் அங்கதான கெடக்கறான்?”

அன்பு அவளுடைய சித்தப்பா மகன். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறவன்.

“அவன் அங்க தூங்கறதில்லையே. வேல செய்யறான்.”

“தொப்பூருகிட்ட லாரிய நிறுத்திட்டு நம்மூரு டிரைவருங்க தூங்கறாங்களே?”

“அது பொழப்பும்மா. ஆத்தா கோவிச்சுக்காது.”

ஆத்தாவுக்கு ஷிப்ட் நேரம் தெரியும், லாரிப் பிழைப்புத் தெரியும், பெட்ரோல் விலைகூடத் தெரிந்திருக்கும். பி.டி. மிஸ்ஸின் பிழைப்பு மட்டும் தெரியாதாம். கலைமதி வீட்டுக்கு வந்து, புல் கட்டுகிற பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சங்கிலியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மணிக்கணக்கில் தேய்த்தாள். அழுகை வந்தால் அவள் செய்கிற வேலை அது.

“கம்முனு போயிடறன் மா. யாரு என்னா பண்ணிடுவாங்க?”

“போ. எனக்கு ஆத்தா மேலகூடப் பயமில்லடி. ஆத்தாகிட்ட அழுதா கேட்டுக்கும். ஊரு வாய்க்குத்தான் பயம். நீ போன அன்னிக்கி எவன் வூட்டு மாடாவது செத்துச்சின்னு வெய்யி, அது நீ சாவடிச்ச மாடு. அடுத்த வருசம் மழ பேயலன்னா அதுவும் நீதான். உனக்கென்ன, வேல கெடச்சிப் போயிடுவ. நான் இங்கதான தண்ணி புடிக்கணும்?”

அம்மா சொன்னது நிஜம்தான், அதனாலேயே கலைமதிக்குக் கோபம் இன்னும் ஏறியது.

வியாழக்கிழமை பொழுது விடியும்போது மற்ற பதினொரு பேர் கடலில் இருந்தார்கள். அணியின் வாட்ஸப் குழுவில் படம் படமாக வந்து விழுந்தது. மஞ்சள் படகுகள், ஆரஞ்சு மிதவைச் சட்டைகள், லட்ச ரூபாய் சைக்கிள்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். மலையில் நாலு முறை குப்புற விழுந்தவன். கலைமதி மிதவைச் சட்டையில்லாமலே சித்தப்பா வயல் கிணற்றில் குதித்து, மூச்சடக்கி நூறு எண்ணினாள். மோட்டார் கொட்டகைத் திட்டில் கால் நீட்டி உட்கார்ந்து மூங்கில் கழியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிக் காற்றில் போட்டாள். பக்கத்து நிலத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அன்று பகலில் சவுரியப்பனைக் கூப்பிட்டாள்.

“காப்புன்னா எனக்குப் புரியும்மா,” என்றார் அவர். “எங்கூர்லயும் கோயில் கொடி ஏறிட்டா ஒருத்தனும் வலை எடுக்க மாட்டான். ஆனா பதிவேட்டுல நான் என்னன்னு எழுதறது? இன்னிக்கி ஒண்ணு. நாளைக்கி ரெண்டு. சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துட்டா சரி. இல்லாட்டி நீ வரவே வேணாம்.”

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. யார் வீட்டு மாவிளக்கு முதலில் என்று ஏதோ தகராறு. அது முடிந்ததும் கலைமதி தானாக எழுந்து நின்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். இன்றைக்குப் பகல் பஸ்ஸைப் பிடித்தால்தான் விடிவதற்குள் கடலோரத்துக்குப் போய்ச் சேர முடியும். போகிறேன், என்ன செய்வீர்களோ செய்யுங்கள் என்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

ராஜாமணி அவளை முந்திக்கொண்டார். பாவம், அவருக்கும் இதை எப்படியாவது முடித்துவிட ஆசைதான். “ஏம்மா, நீ செவ்வாக்கிழமை எந்த பஸ்ல வந்த?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று கலைமதிக்குப் புரிந்தது. புரிந்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆறே முக்காலுக்கு அவள் இறங்கியதைப் பறை காய்ச்சியவர்கள் பார்த்தார்கள், கடைக்காரர் பார்த்தார், பாதி ஊர் பார்த்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எட்டு மணி பஸ்ல வந்துச்சு.”

குப்புராஜ். கூட்டத்தில் அவர் குரலைக் கேட்டே ஊருக்குப் பல வருடம் ஆகியிருக்கும்.

“ஏழு மணிக்கு முன்னாடியே நான் பாத்தனே,” என்று யாரோ ஒரு பெண் ஆரம்பித்தாள்.

“எட்டு மணி பஸ்ஸு,” என்றார் குப்புராஜ் மறுபடி.

“அப்பிடின்னா சத்தியம் பண்ணிடு குப்புராஜு. யாருக்கும் ஒண்ணுமில்லாம போயிடும்,” என்றார் ராஜாமணி.

பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். குப்புராஜ் சட்டையில்லாமல் முன்னால் வந்தார். எரிகிற கற்பூரத்தின் மேல் காப்புக் கட்டிய வலது கையை வைத்து அழுத்தினார். “எம் பொண்ணு காப்பு கட்டறப்ப ஊர்ல இல்ல,” என்றார். தீ அணைந்தது. கற்பூரத்தை அணைத்த பேச்சுக்கு மேல் அந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. முன்பு ஆரம்பித்த பெண்ணும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலைமதிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு சுலபமா என்றுதான் தோன்றியது. ஒரே ஒரு பொய். இதைச் செவ்வாய்க்கிழமை ராத்திரியே சொல்லியிருந்தால் இரண்டு நாள் போயிருக்காதே! கையைத் தூக்கத் தெரிந்தவருக்கு வாயைத் திறக்க மூன்று நாள் ஆயிற்றா? காவேரி புளிச்சோற்றைக் கட்டிக் கொடுத்தாள். குப்புராஜ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். பஸ் கிளம்பும்போது அவர் தலையை ஆட்டினார், இவள் ஜன்னலுக்கு வெளியே எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படகில் உட்கார்ந்த கலைமதியைக் கடல் கண்டபடி புரட்டி எடுத்தது. கரையோரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டினால்தான் திறந்த தண்ணீர். தாண்ட முடிந்தால்தானே? பக்கவாட்டில் அலை வரும்போதெல்லாம் அவள் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாய்ந்தது. படகு ஒரே புரட்டில் கவிழ்ந்தது. தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி இறுக்கிய ரப்பர் உறையின் வளையத்தைத் தடவிப் பிடித்து இழுத்து வெளியே வர வேண்டும். கிணற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறினால் தும்மல் வரும். இது மண்டைக்குள்ளே மிளகாய்த்தூளைக் கொட்டியது.

“அலை வர்ற பக்கம் சாயும்மா! விலகினா கவுத்துடும்!” என்று சவுரியப்பன் கத்தினார்.

சொல்வது சுலபம். அடிக்க வருகிறவன் மேல் யார் போய்ச் சாய்வார்கள்? சனிக்கிழமை ஆறு முறை கவிழ்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது. மலையில் அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கியவர்கள் எல்லாம் அலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக மிதந்துகொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நாள் இருந்திருந்தால் தானும் அங்கே இருந்திருப்போம் என்று பல்லைக் கடித்தாள். ஒவ்வொரு முறை கவிழும்போதும் அப்பாவைத்தான் திட்டினாள். திட்ட வாகாக வேறு ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் தடவையாக அலையைத் தாண்டினாள். திரும்பும்போது மறுபடி கவிழ்ந்தாள்.

புதன்கிழமை இடைவேளையில், ஈரத்துணியோடு மணலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். திருவிழா முடிந்திருக்கும், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்றுதான்.

“நேத்து தீமிதி எல்லாம் நல்லா ஆச்சா?”

“ஆச்சு,” என்றாள் காவேரி. “உங்கப்பா எறங்கலடி.”

“ஏன்? உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்னா. நீ பஸ் ஏறுன கையோட நேரா பூசாரிகிட்டப் போயிக் காப்ப அவுத்துக் குடுத்துட்டாரு. பொய் சத்தியம் பண்ணவன் தீயில கால் வெக்கக் கூடாதுன்னு அவராவே சொல்லிட்டாரு. யாரும் கேக்கல. இருவத்திரெண்டு வருசம்டி. உங்க தாத்தா செத்த வருசங்கூடத் தீட்டுக் கழிச்சிட்டு எறங்குனவரு. நேத்து சட்டையப் போட்டுகினு கூட்டத்தோட கூட்டமா நின்னாரு. இனிமே எறங்க மாட்டாராம்.”

“போன அவர்கிட்டக் குடு,” என்றாள் கலைமதி.

“பாப்பா,” என்றார் குப்புராஜ்.

“உன்ன யாரு சத்தியம் பண்ணச் சொன்னது?” என்று கத்தினாள் கலைமதி. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நான் கேட்டனா? நான் பாட்டுக்குப் போறன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். யாரு கேட்டா உன்ன?”

பின்னணியில் கோழி கத்துவது கேட்டது.

“அடுத்த வருசமாவது எறங்குப்பா.”

“அதெல்லாம் ஆவாது பாப்பா,” என்றார், விதை கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற குரலில். பிறகு, “இன்னும் எத்தினி நாளு?” என்று கேட்டார்.

“ஏழு.”

“செரி. இருந்து முடிச்சிட்டே வா.”

போனை வைத்த பிறகும் அவள் எழவில்லை. எட்டு நாளாக வளர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நேற்று வரைக்கும் இது அவளுடைய ஆசை. பிடிக்காவிட்டால், முடியாவிட்டால், போடா என்று துடுப்பை எறிந்துவிட்டு வந்திருக்கலாம். அந்த வசதியையும் அந்த மனிதர் வாய் பேசாமல் பிடுங்கிக்கொண்டார். இனிமேல் தோற்கக்கூட முடியாது.

சவுரியப்பன் விசில் ஊதினார். கலைமதி எழுந்து, மூக்கை ஈரக் கையால் துடைத்துக்கொண்டு, மிதவைச் சட்டையின் வாரை இறுக்கினாள். படகைத் தண்ணீருக்குள் தள்ளி ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கத்திலிருந்து பெரிய அலை ஒன்று வந்தது. அழுதுகொண்டே அதன் மேல் சாய்ந்தாள்.